பட்டை இல்லாத மரம்

போன வாரம் கவிதா போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் இப்போது வனவராக உட்கார்ந்திருப்பவள். நல்ல பெண். எந்த வேலையையும் செய்வதற்கு முன்னால் நாலு பேரிடம் கேட்பாள். எங்கள் அலுவலகத்தில் அதைக் கெட்ட பழக்கம் என்றுதான் சொல்வார்கள்.

"மேடம், மலையில இருக்க அரிய மரத்துக்கெல்லாம் கியூஆர் கோடு பலகை மாட்டச் சொல்லி வந்திருக்கு. போனைக் காட்டுனா மரத்தோட வரலாறு வருமாம். முதல் பலகை நம்ம ஆபீஸ் போட்டோல இருக்குல்ல, அந்த மரப்பெரணிக்குத்தான். ஆணி அடிக்கவா, கம்பி கட்டவா? உங்களுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க."

"இப்பச் சொல்ல முடியாதும்மா. எழுதி அனுப்புறேன்."

"ஆணியா கம்பியான்னு சொல்றதுக்கு எழுதவா செய்யணும்?"

எழுதத்தான் வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி அவளே முன்பு கேட்டிருந்தாள். இரண்டுக்கும் சேர்த்து இது பதிலாக இருக்கட்டும் என்று நாகல் நகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் சூசை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர், எதிரே உட்கார்ந்து கருவாட்டை ஆய்ந்துகொண்டே ஒற்றுப்பிழை பார்க்கிறார்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், சல்யூட் அடித்தோம், தேக்குக்குச் சுற்றளவு பார்த்தோம், சந்தனத்தை முகர்ந்தோம். பெரணிச் செடிகளைப் பற்றி ஒரே ஒரு வகுப்பு நடந்தது, அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நடத்தியவரே பாதியில் கண் அசந்துவிட்டார். மரப்பெரணி என்ற ஒன்று இருக்கிறது, பூக்காது, காய்க்காது, இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தூளில்தான் அதன் குடும்பமே இருக்கிறது என்ற அளவுக்கு என் தலையில் தங்கியது.

மீதியை மலை கற்றுக்கொடுத்தது. மேல்மலைச் சோலைகளில், ஓடையை ஒட்டி, வெயில் தரையைத் தொடாத இடங்களில் மரப்பெரணி நிற்கும். தூரத்தில் பார்த்தால் தென்னங்கன்று மாதிரி இருக்கும். கிட்டப் போய்த் தொட்டால்தான் தெரியும், அது மரம் போல நிற்கிறதே தவிர அதற்குப் பட்டை கிடையாது. தண்டின் மேல் கறுப்பாக, நார் நாராகப் பின்னிக்கிடப்பது முழுக்க வேர். மண்ணுக்குள் இருக்க வேண்டிய வேரை வெளியே சட்டை மாதிரி போட்டுக்கொண்டு, பனியையும் சாரலையும் அதன் வழியாகவே குடித்துக்கொண்டு நிற்கும். உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது போனால் செடியே போச்சு. இடுப்பு உயரம் வளர்வதற்குள் மனிதனுக்குக் கல்யாண வயது வந்துவிடும்.

இந்த அப்பாவி ஜீவனுக்கு இரண்டு எதிரிகள். ஒருவர் அதை வேரோடு பெயர்த்துத் தோட்டத்தில் வைக்க ஆசைப்படுகிறவர். மற்றவர் அதைப் பாதுகாக்க ஆசைப்படுகிறவர். முதல் ஆளிடமிருந்து காப்பாற்றச் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது ஆள் என் மேலதிகாரி. அவர் பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் வைத்த பெயர் பட்டை சார். திண்டுக்கல் அலுவலகத்துக்கு மாறுதலாகி வந்த முதல் வாரமே வளாகத்திலிருந்த வேம்பு, புங்கை, வாகை எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புப் பட்டை அடிக்கச் செய்தவர். பட்டை என்றால் கண்டபடி பூசுவது இல்லை. அதற்கு முறை உண்டு. முந்தின நாளே கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுத் தாளித்து வைக்க வேண்டும். மறுநாள் சாக்கில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் கல் உப்பும் கோந்தும், பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலமும் சேர்க்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் வெள்ளை, அதற்கு மேலேயும் கீழேயும் காவி. வெள்ளைக்கு நடுவில் தாரால் எண். எண் சாலையைப் பார்த்து இருக்க வேண்டும், ஏனென்றால் பெரிய அதிகாரிகள் காரை விட்டு இறங்குவதில்லை.

பட்டை சார் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நாம் ஏதாவது மறுத்துச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றுவார். கைக்குட்டையால் ஒரு பக்கம் துடைப்பார், ஊதுவார், மறுபக்கம் துடைப்பார். அதற்குள் நமக்கே நாம் சொன்னது தப்போ என்று தோன்றிவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பாதுகாக்காதீங்கன்னு நான் சொல்லலை மேரியம்மா. பாதுகாத்தா மட்டும் பத்தாது, பாதுகாத்த மாதிரி தெரியணும்" என்பார். அவர் காலத்தில் எங்கள் எல்லைக்குட்பட்ட காடு கண்ணுக்கு மிகவும் நன்றாகத் தெரிந்தது. இருந்ததா என்பது வேறு கேள்வி.

இனி வழக்குக்கு வருகிறேன்.

ஒரு பங்குனி மாத மத்தியானம். வத்தலக்குண்டுக்கு மேலே மலைச்சாலைச் சோதனைச்சாவடியில் நானும் வனக்காப்பாளர் முருகேசனும் இருந்தோம். காய்கறி ஏற்றிய சின்ன வண்டி ஒன்று இறங்கி வந்தது. கேரட் மூட்டைகளுக்கு இடையில் ஈரச்சாக்கு சுற்றிய இரண்டு உருளைகள். டிரைவரிடம் என்னவென்று கேட்டேன்.

"பாக்குக் கன்னு, அக்கா. தோட்டத்துக்கு."

முருகேசன் சாக்கை விலக்கினான். சுருட்டிக் கட்டிய இலைகளுக்கு நடுவே, பொன்னிற ரோமம் மூடிய குருத்து ஒன்று எட்டிப் பார்த்தது. என் அப்பா வயதுள்ள இரண்டு மரப்பெரணிகளைக் கேரட்டோடு கேரட்டாகப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

"எந்த ஊருலடா பாக்கு மரத்துக்கு முடி மொளைக்குது? ஏலே, எறங்குடா கீழ" என்றான் முருகேசன்.

மலையடிவாரத்தில் விருந்தினர் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்காக அவை போய்க்கொண்டிருந்தன. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். அவரே மாலையில் காரில் வந்து இறங்கினார். கொஞ்சமும் பதற்றம் இல்லை. மரியாதையில் குறை வைக்கவில்லை.

"ஏனுங்க மேடம், ஒரு செடிக்குப் போயி இத்தன ஆர்ப்பாட்டமா? டைனோசர் தின்ன செடிங்களாமா. ரிசப்ஷனுக்கு ரெண்டு பக்கமும் வச்சா வர்றவங்க போட்டோ எடுப்பாங்கங்க. காட்டுல இருந்து என்னத்துக்கு ஆகுது, சொல்லுங்க? பாக்கறதுக்கு ஆளு இல்லீங்களே."

அவரும் பட்டை சாரும் சந்தித்திருந்தால் உற்ற நண்பர்கள் ஆகியிருப்பார்கள் என்று அப்போதே நினைத்தேன்.

வழக்குப் போட்டோம். வழக்கில் கைப்பற்றிய பொருளைத் தொண்டி என்போம். தொண்டி என்றால் தீர்ப்பு வரும்வரை, அல்லது நீதிமன்றம் வேறு உத்தரவு போடும்வரை, அப்படியே வைத்திருக்க வேண்டும். தேக்குக் கட்டை, சந்தனச் சில்லு, ஈட்டிப் பலகை எல்லாம் எங்கள் திண்டுக்கல் அலுவலகத்தின் பின்புற முற்றத்தில் அப்படித்தான் கிடந்தன. அவற்றுக்கு வெயில் படுவதால் ஒன்றும் கெட்டுவிடாது. உயிருள்ள தொண்டி வருவது எங்களுக்கு அதுவே முதல் முறை. மலையின் குளிரில் நிற்க வேண்டியவை பங்குனி வெயிலில் திண்டுக்கல் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன.

மலைக்கே திருப்பி அனுப்பி நட்டுவிடலாம் என்று பட்டை சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். "தொண்டியை மண்ணுல பொதைச்சிட்டு, கோர்ட்டுல கேட்டா என்ன காட்டுவீங்க?" என்றார். அனுமதி கேட்டு மனுப் போடலாமே என்றேன். "போடுங்க" என்றார். போட்டோம். வாய்தா விழுந்தது. முற்றத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, தண்டில் ஈரச்சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் நனைத்தேன். இலைகள் ஓரத்தில் கருகின. ஆனாலும் குருத்து பசுமையாக இருந்தது.

அந்த நேரம் எங்கள் ஊர் மாதா கோயில் பெருவிழா. லீவு போட்டுவிட்டுப் போனேன். சப்பரம் இழுத்து, பாயாசம் குடித்து, திரும்பி வந்து அலுவலகத்தின் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டில் ஒன்றுக்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தண்டிலிருந்த நாரையெல்லாம் அழுக்கு என்று நினைத்து அரிவாளால் வழித்துச் சுத்தம் செய்திருந்தார்கள். அதன் மேல் வெள்ளை, காவி, தாரில் வழக்கு எண். கணபதி ஹோமத்துக்குக் கிளம்பியது போல அது பளபளவென்று நின்றது. மற்றதற்கு வருவதற்குள் சுண்ணாம்பு தீர்ந்துபோனதால் அது தப்பித்திருந்தது.

நான் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை. அழுதுகொண்டே குழாயைத் திறந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பட்டையாக இருந்திருந்தால் சுண்ணாம்பு மேலோடு போயிருக்கும். இது வேர். வழித்த புண்ணில் சுண்ணாம்பும் உப்பும். சுண்ணாம்பு பாதி, வெயில் பாதி என்று வாரம் முடிவதற்குள் குருத்து கறுத்துத் தலை சாய்ந்தது.

செத்தபிறகும் அது தொண்டிதான். தூக்கிப் போட முடியாது. கழுவியும் போகாத காவியோடு முற்றத்தில் நின்றபடி காய்ந்தது.

புதுச் சுண்ணாம்பு வந்து இறங்கியதும் இரண்டாவதற்கு ஆபத்து வந்தது. நேராகப் பட்டை சாரின் அறைக்குப் போனேன்.

"சார், அதுக்குப் பட்டை அடிக்கக் கூடாதுங்க."

"தொண்டி மரத்துக்கு நம்பர் போடணும்னு விதி இருக்கே மேரியம்மா."

"அது மரம் இல்லைங்க சார். பெரணி. பட்டையே இல்லாததுக்குப் பட்டை அடிக்கப் போயித்தான் ஒண்ணு செத்துச்சு."

கண்ணாடி கழன்றது. இரண்டு பக்கமும் துடைத்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மரம் மரம் இல்லை என்று ஒருத்தி அவரிடம் சொல்லியிருக்கிறாள். விதிப்படி யோசித்தார். மரமாக இருந்தால் எண் போடாதது குற்றம். மரம் இல்லாவிட்டால் எண் போட்டது வீண்செலவு.

"அப்ப ஒரு சீட்டுல 'மரம் அல்ல'ன்னு எழுதி அதுல கட்டித் தொங்கவிடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். பின்னால யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

எழுதினேன். போட்டார். கட்டினேன். அப்போதைக்கு உயிர் தப்பியது.

ஆனால் வெயில் கையெழுத்துக்குப் பயப்படுமா? சித்திரை பிறந்துவிட்டது. அலுவலகத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரே ஒரு குளிர்ந்த இடம் இருந்தது. வருகை தரும் உயரதிகாரிகளுக்காக வடக்கு மூலையில் கட்டிய பாத்ரூம். கட்டிய நாளிலிருந்து யாரும் பயன்படுத்தியதில்லை. வெள்ளை ஓடு, உயரத்தில் ஒரு சின்னச் சன்னல், எந்நேரமும் சொட்டும் குழாய். மேல்மலைச் சோலைக்குத் திண்டுக்கல்லில் இதைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது.

"பெரியவங்க யாரும் வந்தா?" என்றார் பட்டை சார்.

"எம்புட்டு வருஷமா வரலைங்களே சார்."

சாவி கிடைத்தது. நானும் முருகேசனும் பெரணியைத் தூக்கிக் கொண்டுபோய், பெரிய சிமெண்டுத் தொட்டியில் சோலை மண் போட்டு, சுவரோரம் நிறுத்தினோம். இலைகளெல்லாம் கருகிவிட்டதால் அவற்றை அறுத்துவிட்டேன். மொட்டைத் தண்டும் உச்சியில் மூடிய குருத்தும்தான் மிச்சம்.

அடுத்த பிரச்சினை தண்ணீர். அலுவலகத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாளியிலேயே வெள்ளையாகப் படியும். அதை ஊற்றுவதற்குப் பதில் செடியைப் பட்டை சாரிடமே விட்டிருக்கலாம். ஆகவே வீட்டுக்கு எப்போதாவது வரும் நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்து, ஸ்கூட்டியின் முன்னால் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன்.

"எனக்குக் கேன் தண்ணி, அந்தச் சவத்துக்கு நல்ல தண்ணியா?" என்றார் என் கணவர்.

"நீங்க பேசுறீக. அது பேசாதுல்ல."

"பேசாததுனாலதான் அதைப் பிடிச்சிருக்கு உனக்கு."

இப்படிச் சொன்னவரே ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் என்னோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெளிப்பானால் தண்டை நனைப்பார். நனைக்கும்போது ஒற்றுப்பிழை இல்லாத தமிழில் அதனிடம் பேசுவார். அதைக் கேட்டதாக நான் காட்டிக்கொண்டதில்லை.

வாய்தா மேல் வாய்தா. விடுதிக்காரருக்குக் காய்ச்சல், வக்கீலுக்குக் கல்யாணம், எங்கள் தரப்பில் ஒரு கையெழுத்துக் குறைவு. ஆனியில் ஒருநாள் பாத்ரூம் கதவைத் திறந்தேன். குருத்தின் நடுவிலிருந்து ஒரு சுருள், பூனை வால் நுனி மாதிரி, விரல் அளவுக்கு வெளியே வந்திருந்தது. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பெரியவன் பிளஸ் டூ பாஸானபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரவில்லை. இதை அவன் படிக்க மாட்டான் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வரவே மாட்டார் என்று நாங்கள் நம்பியிருந்த உயரதிகாரியும் அந்த மாதம் வந்தார். வழியில் நம்ம ஊர் பிரியாணியை ஒரு பிடி பிடித்திருந்தார். காரைவிட்டு இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி எங்கள் துறை சம்பந்தப்பட்டது அல்ல. பட்டை சார் முகம் வெளிறி என்னைப் பார்த்தார். மாற்று வழி இல்லை. கதவைத் திறந்துவிட்டோம். உள்ளே போனவர் செத்த நேரம் கழித்து நிம்மதியான முகத்தோடு வெளியே வந்தார்.

"உள்ள செடியெல்லாம் வச்சு, நல்லா மெயின்டெயின் பண்றீங்க. இயற்கையா இருக்கு."

"நம்ம ஐடியாதான் சார்" என்றார் பட்டை சார்.

அன்று முதல் அது 'நம்ம மரம்' ஆயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கதவைத் திறந்து பார்த்தது மட்டும் கிடையாது.

ஒருவழியாக வழக்கு விசாரணைக்கு வந்தது. செத்துப்போன முதல் பெரணியையும், இரண்டாவதில் கட்டியிருந்த சீட்டையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தோம். விடுதிக்காரரின் வக்கீல் கெட்டிக்காரர். தண்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"குற்றப்பத்திரிகையில ரெண்டு மரத்தைப் பெயர்த்ததா எழுதியிருக்கீங்க. சரிங்களா?"

"சரிங்க."

"இந்தச் சீட்டுல 'மரம் அல்ல'ன்னு எழுதியிருக்கு. யார் கையெழுத்து?"

"எங்க ஆபீசரோடதுங்க."

"அடிச்ச பட்டை மரம்னு சொல்லுது. கட்டுன சீட்டு மரம் இல்லைன்னு சொல்லுது. எது நெசம்? மரமா, இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

மரம் என்றால், திரும்பிப் போனதும் சுண்ணாம்பு வாளி காத்திருக்கும். இல்லை என்றால், விடுதிக்காரர் நாளைக்கே இன்னொரு வண்டியை மலைக்கு அனுப்புவார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பட்டை சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி அம்மா நிமிர்ந்து பார்த்தார். அதுவரை எழுதிக்கொண்டே இருந்தவர்.

"மரமோ செடியோ இருக்கட்டும். காட்டுல நின்னதா?"

"ஆமாங்கம்மா."

"பெயர்த்து எடுக்க இவங்களுக்கு அனுமதி இருந்துச்சா?"

"இல்லைங்கம்மா."

"அப்புறம் என்ன?" என்று வக்கீலைப் பார்த்தார். மாதக்கணக்காக நாங்கள் இரண்டு தரப்பும் முட்டி மோதிக்கொண்டிருந்த விஷயம் அவருக்கு ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரம் பிடித்தது. பிறகு என்னிடம் திரும்பி, "இன்னொண்ணு எங்க? அதுவும் செத்துப்போச்சா?" என்றார்.

"இல்லைங்கம்மா. உயிரோட இருக்கு. ஆபீஸ் பாத்ரூம்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் நடும்படி உத்தரவு எழுதினார். விடுதிக்காரருக்குத் தண்டனையாக அபராதம். கட்டிவிட்டு வெளியே வந்தவர் என்னிடம், "பரவாயில்லீங்க மேடம், பிளாஸ்டிக்லயே தத்ரூபமா கிடைக்குதாமா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மழை பிடித்ததும் முருகேசனும் நானும் பெரணியை மலைக்குக் கொண்டுபோனோம். எந்தச் சோலை என்று இங்கே எழுதமாட்டேன். ஓடையின் மறுகரையில், பெயர்த்த குழி இன்னும் தூராமல் இருந்தது. அதிலேயே இறக்கி, மண் தள்ளி, பாசியால் அடியை மூடினோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பாத்ரூமின் வெள்ளை ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சுருளில் மழைத்துளி உட்கார்ந்ததைப் பார்த்தபோது, இனி இது என்னைத் தேடாது என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சில மாதம் கழித்துப் பட்டை சார் மலைக்கு ஆய்வுக்கு வந்தார். கூடவே ஒரு போட்டோகிராபர். பின்னால் முருகேசன் கையில் வாளி. வாளியில் நீலம் கலந்த சுண்ணாம்பு.

"சார், அதான் மரம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்களே" என்றேன்.

"கோர்ட்டே திருப்பி நடச் சொன்ன மரம் மேரியம்மா. இனிமே அது சாதாரணமா நிக்கலாமா? தெரியணும்ல."

ஓடைக்கரைக்கு வந்தோம். தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. சாரின் புது ஷூ கரையிலேயே நின்றது. இந்தக் கரையில், அவருக்கு நேர் எதிரே, இளம் வாட்டில் மரம் ஒன்று இறகு இறகாக இலை விரித்து நின்றது. வாட்டில் நம்ம நாட்டு மரம் அல்ல. ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பட்டை வேண்டும் என்று கொண்டுவந்து நட்டார்கள். அது சோலையை விழுங்கிக்கொண்டே போகிறது. அதை வெட்டி ஒழிப்பதற்கே எங்களுக்குச் சம்பளம்.

பட்டை சார் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இதானே?"

முருகேசன் வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"எம்புட்டு வளர்ந்துருச்சு" என்றார் சார்.

"மலைக் காத்து சார்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. கையை நீட்டிக் காட்டவும் இல்லை. மலைக்காற்று வளர்க்கும் என்பது உண்மை. இதற்காக நான் இதுவரை சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, செய்யும் உத்தேசமும் இல்லை. பட்டைக்காகவே இந்த மலைக்கு வந்த மரம், அன்று பட்டை அடித்துக்கொண்டது. வெள்ளை, காவி, தாரில் எண். சார் அதன் தோளில் கை போட்டு நின்றார். போட்டோகிராபர் எடுத்த படம்தான் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது. கீழே, 'மீட்கப்பட்ட அரிய மரப்பெரணி' என்று எழுதியிருக்கும்.

அதன்பிறகு மலையெங்கும் வாட்டில் அகற்றும் வேலை நடந்தது. அந்த ஒரு மரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. எண் போட்ட மரத்தை வெட்ட யாருக்குத் தைரியம் வரும்? வருடம் தவறாமல் அதற்குப் புதுச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். பட்டை சார் பதவி உயர்வில் போய்விட்டார். ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் நான் கடைசியாக ஒருமுறை ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். நம்ம பெரணி என் தோள் வரைக்கும் இலை விரித்திருந்தது. அதன் காலடியில், பாசிக்கு நடுவே, நகம் அளவில் குட்டிப் பெரணிகள் நிறைய முளைத்திருந்தன. எண்ணிப் பார்க்க ஆசை வந்தது. எண்ணினால் எங்கேயாவது எழுத வேண்டிவரும் என்று வந்துவிட்டேன்.

இதுதானம்மா கவிதா கதை. ஆணியா கம்பியா என்று கேட்டாய். ஆணிதான். நாகல் நகர் இரும்புக்கடையில் நல்ல நீளமானதாகக் கிடைக்கும். போட்டோவில் இருக்கிற மரத்தைத் தேடிப் பிடித்து ஆழமாக அடி. பலகை சாலையைப் பார்த்து இருக்கட்டும். வருகிறவர்கள் போனைக் காட்டி வரலாறு படிக்கட்டும். ஓடையைத் தாண்டி மட்டும் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போகாதே.